விண்டோஸ் 10-க்குப் பிறகு எந்த இயங்குதளம்? அடுத்த ஐந்தாண்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக்கு மேலாக நம் வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓடிய இயங்குதளம் அது. அன்றிலிருந்து வாசகர்கள் எழுதிக் கேட்பவை பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. கணினி நன்றாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு இது தகுதியற்றது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. புதிதாக வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா, இப்படியே ஓட்டுவதா?

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் அண்ணாச்சி ஒருவரும் இதே கேள்வியோடு வந்தார். அவரிடம் இருப்பது 2016-இல் வாங்கிய கணினி: இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், நடுவில் மாற்றிப் போட்ட எஸ்.எஸ்.டி. "இத்தனை வருசத்துல ஒரு முகூர்த்த சீசன்லகூட காலை வாரினதில்ல தம்பி. இதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, இன்றைக்கு எது நன்றாக ஓடுகிறது என்று பார்த்தால் போதாது; ஒவ்வோர் இயங்குதளமும் எந்தத் திசையில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் இயங்குதளத்தைக் கணினியோடு சேர்த்து ஒரு முறை வாங்கினோம். கணினி பழுதாகும்வரை வைத்திருந்தோம். இன்று அது மாதந்தோறும் மாறுகிறது. எந்த வன்பொருளில் ஓடலாம் என்பதை அதைச் செய்யும் நிறுவனம் தீர்மானிக்கிறது. உள்ளே நுழைய இணையக் கணக்கு கேட்கிறது. வட்டைப் பூட்டி, சாவியை வேறோர் இடத்தில் வைக்கிறது. ஆகவே, அடுத்த ஐந்தாண்டுக்கு நம் கணினியின் மீது யாருக்கு எவ்வளவு உரிமை கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வியைத்தான் இந்த ஒப்பீட்டின் நடுவில் வைக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் ஆதரவுக் காலம். பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு, எந்த மாதம்வரை வரும் என்பதைத் தேதியோடு தெரிந்துகொள்ளாமல் எந்த இயங்குதளத்தையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. திருத்தம் நின்ற மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஏமாற்றம். விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் உலாவி அதைக் கைவிட்டது 2023-இன் தொடக்கத்தில். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றியது. பிறகு உலாவி பழையதாகி, வங்கித் தளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன.

இரண்டாவது, உங்களால் விட முடியாத அந்த ஒரே மென்பொருள் அல்லது கருவி. எல்லோருக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. கணக்கருக்கு டேலியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும், இ-சேவை மையம் நடத்துபவருக்குக் கைரேகைக் கருவி, அச்சகத்தாருக்குப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர். தேர்வு சரியாக அமைவதும் தவறாகப் போவதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

மூன்றாவது தமிழ். இதைப் பொதுவான ஒப்பீடுகளில் காண முடியாது. நமக்கோ அன்றாடத் தேவை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதா, ஒலிபெயர்ப்பு முறையில் தட்டலாமா, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேர்த்துவைத்த கோப்புகள் திறக்குமா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, சாவி யாரிடம் என்பது. கணக்கு, வட்டின் பூட்டு, கோப்புகளின் காப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். ஐந்தாவது, இயங்குதளம் போகும் திசை. விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஏனெனில் இலவசம் என்று சொல்லப்படுபவற்றிலும் செலவு வேறொரு பெயரில் ஒளிந்திருக்கிறது, அதை அந்தந்த இடத்தில் சொல்வதுதான் பயன்படும்.

## விண்டோஸ் 10-இலேயே இன்னும் சிறிது காலம்

விண்டோஸ் 10-ஐ உடனே விட முடியாதவர்களுக்காக, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தனிப் பயனர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். 30 டாலர் கட்டலாம். அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் பணமின்றியே பெறலாம். ஒரே உரிமத்தைப் பத்துக் கணினிகள்வரை பயன்படுத்திக்கொள்ள முடியும். நிறுவனங்களுக்கு மூன்றாண்டுகள் உண்டு. முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இருமடங்கு. விலையை இப்படி ஏற்றியிருப்பதிலேயே, இங்கே தங்கிவிடாதீர்கள் என்று அவர்கள் சொல்வது புரிகிறது.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். இதுவரை இணையக் கணக்கின்றி, கணினிக்குள்ளேயே உருவாக்கிய தனிக் கணக்கில் பயன்படுத்தியவர்கள் அந்த மாற்றத்தை இங்கேயே செய்துவிடுகிறார்கள். காப்பெடுக்கத் தொடங்கினால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி இடம் விரைவில் நிரம்பும்; பிறகு மாதச் சந்தா கேட்கும்.

இரண்டாவது செலவு அதிகம் பேசப்படாதது. கணினி துவங்கும்போதே போலி மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஏற்பாடு, 2011-இல் வழங்கிய சான்றிதழ்களை நம்பி இயங்குகிறது. அவற்றின் ஆயுள் 2026 ஜூன் தொடங்கி ஒவ்வொன்றாக முடிகிறது. அவற்றுக்குப் பதிலான 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள், திருத்தம் பெறும் கணினிகளுக்குத்தான் வந்து சேரும். பழைய சான்றிதழோடு கணினி துவங்கத்தான் செய்யும். ஆனால் துவக்கப் பகுதிக்கான புதிய பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. நீட்டிப்பில் சேராத விண்டோஸ் 10 கணினி, கதவுப் பூட்டு பழையதாகிப்போன வீட்டின் நிலைக்கு வந்துவிடுகிறது.

ஓராண்டுக்குள் புதிய கணினி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவருக்கும், முக்கியமான மென்பொருளின் அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பவருக்கும் இந்த வழி பொருந்தும். இணையமே இல்லாமல் ஒரே வேலையைச் செய்யும் கணினிக்கு நீட்டிப்பும் தேவையில்லை. வலைத்தொடர்பை நிறுத்திவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் இல்லாதவர்கள் விண்டோஸ் 10-இல் தங்குவது முடிவைத் தள்ளிப்போடுவதே ஆகும்.

## விண்டோஸ் 11

2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11, வன்பொருளுக்கு ஓர் எல்லைக்கோடு போட்டது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தியவை வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். ஆகவே 2017-க்கு முன் வாங்கிய கணினிகள், எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஏறத்தாழ எல்லாமே கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இந்தக் கோட்டைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. ரூஃபஸ் போன்ற கருவிகள் சோதனையைத் தவிர்த்துவிடுகின்றன. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, பிராசசரில் ஒரு குறிப்பிட்ட கட்டளைத் தொகுதி இல்லாத மிகப் பழைய கணினிகளில் துவங்கவே மறுத்தது. பணப் பரிமாற்றம் நடக்கும் கணினியை இப்படி ஊசலில் விட மனம் ஒப்பவில்லை.

தகுதியுள்ள கணினி கையில் இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுவது எளிது, கட்டணமும் இல்லை. டேலி, கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி ஆகியவற்றை நம்பியிருப்பவர்களுக்கு நடைமுறையில் இதுவே வழி. தமிழைப் பொறுத்தவரை, ஒலிபெயர்ப்பு முறையிலான அஞ்சல் விசைப்பலகையும் தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. ஒரு சிறு இடறல் மட்டும் உண்டு: பல ஆண்டுகளாக ஆவணங்களில் பயன்படுத்திய லதா எழுத்துரு புதிய கணினியில் தானாக வராது, விருப்ப வசதிகள் என்ற இடத்துக்குச் சென்று தமிழ் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். இது தெரியாமல், பழைய கடிதங்களின் பக்கங்கள் எல்லாம் கலைந்துபோயின என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றொன்று, விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பு கிடையாது. ஆகவே டாஸ் காலத்து 16-பிட் கணக்கு மென்பொருள்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளுக்கு இங்கே கதவு அடைபட்டிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ரேம். 4 ஜிபி போதும் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. உலாவியில் நான்கு பக்கங்களும் ஒரு எக்செல் கோப்பும் திறந்தால் 8 ஜிபி தேவை, ஐந்தாண்டு ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இதைக் கணக்கில் சேர்க்காமல் கணினி வாங்கக் கூடாது.

இரண்டாவது செலவு வட்டின் பூட்டு. 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. திருடு போனாலும் கோப்புகள் பிறர் கைக்குப் போகாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் மடிக்கணினியை, விற்ற கடைக்காரர்களே தயார்செய்து கொடுத்தார்கள். அப்போது அவசரத்துக்குத் தங்கள் கடையில் உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சலைக் கணக்காகப் போட்டிருக்கிறார்கள். ஓராண்டு கழித்து மதர்போர்டு மாற்றியபோது நீலத் திரை அந்தச் சாவியைக் கேட்டது. எந்த மின்னஞ்சல் என்று கடையில் யாருக்கும் நினைவில்லை. மூன்று ஆண்டு வினாத்தாள்களும் மகளின் பிறந்தநாள் படங்களும் அந்த வட்டுக்குள் இருந்தன. அவற்றை மீட்க வழியே இல்லாமல் போயிற்று. புதிய கணினி வாங்கினால், கடையில் வேறு எவரையும் கணக்கு உருவாக்க விடாதீர்கள். உங்கள் கணக்கில் நுழைந்து, மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

இனி திசை. விண்டோஸ் ஆண்டுக்கு ஒரு பதிப்பாக வருகிறது. வீட்டுப் பயனர்களுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு 24 மாதங்கள்தான். ஆக, ஐந்தாண்டில் இரண்டு மூன்று முறையாவது பெரிய மாற்றத்துக்கு உள்ளாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென 2024 மேயில் அறிவித்த கோபைலட் பிளஸ் கணினிகள், நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் தனிச் சில்லையும் 16 ஜிபி ரேமையும் கேட்கின்றன. திரையில் தெரிவதையெல்லாம் படமெடுத்துத் தேட உதவும் ரீகால் வசதி, எழுந்த எதிர்ப்பால் ஏறத்தாழ ஓராண்டு தள்ளிப்போய், விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாக 2025 ஏப்ரலில் வந்தது. நமக்காகத் தாமே வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்களின் தளமாக விண்டோஸ் மாறிவருகிறது என்று 2025 நவம்பரில் அதன் தலைவர் பவன் தவுலூரி எழுதியபோதும் பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே சமயம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான திருத்தம் ஒன்றால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதற்குப் பிறகு, பாதுகாப்பு மென்பொருள்களை இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையையும் மைக்ரோசாஃப்ட் செய்துவருகிறது. இதை மனமார வரவேற்கிறேன். விண்டோஸின் உள்கட்டுமானம் உறுதியாகிக்கொண்டே போகிறது. மேல்தளத்தில் நாம் கேட்காதவையும் கூடிக்கொண்டே போகின்றன.

## லினக்ஸ்

யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸில், வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் பல வழங்கல்கள் இருக்கின்றன என்பதே புதியவரை மிரட்டுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே சுருக்கிவிடுகிறேன்: விண்டோஸ் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் வரிசை உபுண்டு 24.04-இன் மீது கட்டப்பட்டது. 2029 வரை திருத்தங்கள் வரும். உபுண்டு 24.04-ஐயே எடுத்துக்கொண்டு, தனி நபர்களுக்கு ஐந்து கணினிகள்வரை இலவசமாகக் கிடைக்கும் புரோ சேவையில் பதிந்தால் ஆதரவு 2034 வரை நீளும். டி.பி.எம். சில்லு கேட்காது, பிராசசரின் தலைமுறை கேட்காது, கணக்கும் கேட்காது. அண்ணாச்சியின் ஆறாம் தலைமுறை ஐ5-இல் அது தடையின்றி ஓடியது.

லினக்ஸை எடைபோட நல்ல வழி, நிறுவாமலே ஓட்டிப்பார்ப்பது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்டை எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, அரைநாள் வேலை செய்யுங்கள். வைஃபை இணைகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் சில பழைய லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் ஒழுங்காக அமையாது. அரைநாள் சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழுக்கு லினக்ஸ் நல்ல வீடு. ஐபஸ் என்ற உள்ளீட்டு ஏற்பாட்டில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை எல்லாம் உண்டு. லோகித், நோட்டோ எழுத்துருக்கள் உண்டு. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸின் பட்டிகளையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் லதாவில் தட்டிய வேர்டு ஆவணம் இங்கே வேறு எழுத்துருவில் திறக்கும். வரிகள் தள்ளி, பதினான்கு பக்க மனு பதினைந்தாகிவிடும். நீதிமன்றத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பக்க எண்ணோடு ஆவணம் அனுப்புபவர்கள் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பழகும் நேரமும், பழுது வந்தால் அழைக்க ஆள் கிடைக்காததும்தான். இதை மென்மையாகச் சொல்லக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து 15,000 அளவிலான கணினிகளை மாற்றி, பிறகு 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. தொழில்நுட்பம் தோற்றதாக நான் கருதவில்லை. பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாற்றத்தில் இருந்த இடர்களும், ஊழியர்களின் சலிப்பும், அரசியல் மாற்றமும் சேர்ந்துகொண்டன. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. நமக்கு அருகிலும் பாடம் இருக்கிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கைட் அமைப்பு லினக்ஸை ஆசிரியர் பயிற்சியோடும் பாடநூலோடும் சேர்த்துக் கொடுத்தது, அது வேரூன்றியது. தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்த மடிக்கணினி பெற்றவர்களில் எனக்குத் தெரிந்த எவரும் அதைத் திறந்ததே இல்லை. திறந்து காட்ட ஆள் இல்லை. வீட்டிலோ தெருவிலோ லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால் செலவு பாதியாகக் குறைகிறது என்பதை இதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்.

திசையைப் பார்த்தால், லினக்ஸ் இப்போது நல்ல பாதையில் போகிறது. ஆண்டுதோறும் தாங்கள் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்டே 2019-இல் சொன்னது. அந்த வகைப் பிழையை மொழியின் அமைப்பிலேயே தடுக்கும் ரஸ்ட் என்ற நிரல்மொழி, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருநிரலுக்குள் இடம்பெற்றுவிட்டது. விண்டோஸின் கருநிரலிலும் அது நுழைந்திருக்கிறது. அடுத்த மாற்றம், அடித்தளத்தைத் தொட முடியாதபடி பூட்டி, திருத்தத்தை முழுப் படிமமாக மாற்றிவைத்து, தவறினால் முந்தைய நிலைக்கே திரும்பும் அமைப்பு. ஃபெடோரா சில்வர்புளூவும் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியின் ஸ்டீம்ஓ.எஸ்.-உம் இப்படி இயங்குகின்றன. திருத்தம் பாதியில் நின்று கணினியே துவங்காமல் போகும் பழைய லினக்ஸ் அச்சத்துக்கு இது நேரான பதில். கைவண்ணம் காட்ட விரும்பாத சாதாரணப் பயனர்களுக்கு வருங்கால லினக்ஸ் இந்த வடிவில்தான் வரும் என்பது என் கணிப்பு.

## குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ்

பழைய கணினியை உலாவிப் பெட்டியாக மாற்றித் தரும் இந்த இலவச இயங்குதளத்தைக் கூகுள் 2022-இல் வெளியிட்டது. 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் போதும். இரண்டு பகுதிகளாக வட்டைப் பிரித்து, ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றைத் திருத்திக்கொள்வதால், திருத்தம் நடப்பதே தெரியாது. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசவும், செய்தி படிக்கவும், யூடியூபில் கச்சேரி கேட்கவும் மட்டுமே கணினி வேண்டும் என்னும் பெற்றோருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தமிழ் விசைப்பலகைகளும் உண்டு.

ஆனால் சாவி முழுவதும் கூகுள் கணக்கில். ஆண்ட்ராய்டு செயலிகள் ஃபிளெக்ஸில் கிடையா. இதைத் தெரியாமல் நிறுவிவிட்டு ஏமாறுபவர்கள் பலர். நிறுவும்போது வட்டில் உள்ள அனைத்தும் அழியும். விண்டோஸோடு சேர்த்து வைத்துக்கொள்ள இயலாது. சான்றளித்த கணினிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஆதரவு முடியும் ஆண்டு குறிப்பிட்டிருக்கும், முதலில் அதைப் பார்க்க வேண்டும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது திசைதான். குரோம் ஓ.எஸ்.-ஐயும் ஆண்ட்ராய்டையும் ஒரே தளமாக இணைக்கப்போவதாகக் கூகுள் 2025-இல் அறிவித்தது. புதிய மடிக்கணினிகளுக்கு அது நல்லதாக அமையலாம். பழைய இன்டெல் கணினிகளுக்கான ஃபிளெக்ஸ் அந்தப் பயணத்தில் எங்கே நிற்கும் என்பதை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போட மாட்டேன். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு என்றால் சரி.

## மேக்

மேக்குக்கு மாறுவதென்றால் புதிய கணினியே வாங்க வேண்டும். இரண்டாம் கையாக மலிவு விலையில் கிடைக்கும் இன்டெல் மேக்குகளைத் தொடாதீர்கள் என்பதே இங்கே சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி. 2025 செப்டம்பரில் வந்த மேக் ஓ.எஸ். டஹோ, இன்டெல் மாதிரிகளில் நான்கை மட்டுமே ஏற்கிறது. இன்டெலில் ஓடும் கடைசிப் பதிப்பும் அதுவே. எம் வரிசைச் சில்லு உள்ளவை நீண்ட நாள் உழைக்கும், அஞ்சலும் தமிழ்99-உம் பல ஆண்டுகளாகவே உள்ளே இருக்கின்றன. ஆனால் வாங்கிய பிறகு மடிக்கணினியின் ரேமைக் கூட்ட முடியாது. கணக்கு மென்பொருளும் கைரேகைக் கருவியும் நம்பியிருப்பவருக்கு இது வழியல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | திருத்தங்கள் எதுவரை | 2017-க்கு முந்தைய கணினியில் | மறைந்திருக்கும் செலவு | சாவி |
|---|---|---|---|---|
| விண்டோஸ் 10 நீட்டிப்பு | 2026 அக்டோபர் 13 | ஓடும் | கணக்கு, ஒன்டிரைவ் இடம், மீண்டும் எடுக்க வேண்டிய முடிவு | மைக்ரோசாஃப்ட் கணக்கு |
| விண்டோஸ் 11 | ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம் | முறைப்படி ஓடாது | புதிய கணினி, ரேம், தொலைந்தால் மீளாத மீட்புச் சாவி | மைக்ரோசாஃப்ட் கணக்கு |
| லினக்ஸ் மின்ட் 22 | 2029 | ஓடும் | பழகும் நேரம், பிரின்டர், உதவிக்கு ஆள் | உங்களிடம் |
| குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் | மாதிரிக்கு மாதிரி மாறும் | பெரும்பாலும் ஓடும் | இணையமின்றிப் பயன் குறைவு, தெளிவற்ற எதிர்காலம் | கூகுள் கணக்கு |
| எம் வரிசை மேக் | பல ஆண்டுகள். முடியும் தேதி முன்கூட்டி வராது | பொருந்தாது | விலை, கூட்ட முடியாத ரேம் | ஆப்பிள் கணக்கு |

## யாருக்கு எது

கணக்கர், இ-சேவை மையம், அலுவலகம் ஆகியோருக்கு விண்டோஸ் 11. பழைய கணினியை வளைக்காமல், தகுதியுள்ள புதியதையோ நிறுவனங்கள் விற்கும் எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய இரண்டாம் கைக் கணினியையோ வாங்கலாம். மாணவருக்கும், எழுதுபவருக்கும், நிரல் கற்பவருக்கும், கையிலிருக்கும் கணினி நல்ல நிலையில் இருந்தால், லினக்ஸ் மின்ட். உலாவியைத் தாண்டாத முதியவர்களுக்கு ஃபிளெக்ஸ். அவர்கள் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்தால் அங்கும் மின்ட். எந்த வழியானாலும், மாற்றத்துக்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தப் படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். படியெடுத்ததாக நினைப்பது வேறு, அது திறப்பது வேறு.

அண்ணாச்சியின் நிலை இந்தப் பிரிவுகளில் எதிலும் அடங்கவில்லை. அவருடைய பத்தாண்டு வேலைகள் முழுவதும் பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்ததோ 2001-இல். வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் அனுப்புவதோ, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில். வங்கிக் கணக்கும் அதே கணினியில். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம். இன்னொரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கி, அதில் மின்டை நிறுவி, இணையம், மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுவந்தோம். விண்டோஸ் 10 பழைய வட்டிலேயே இருக்கிறது, வலைத்தொடர்பை அணைத்துவிட்டோம். புதிய வேலைகளுக்கு ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள். 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பைத்தான் போட்டோம், ஏனெனில் அதற்கு முந்தைய நிலைப் பதிப்புகளில் "கொ" என்று தட்டினால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் சிதறும்.

தை பிறந்ததும் வந்த முதல் பத்திரிகையை மின்டில் யூனிகோடிலேயே கோத்தார். "போன தடவை எங்க அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்று எவராவது வந்தால் மட்டும், கணினியை அணைத்து, பழைய வட்டிலிருந்து துவக்கி, பேஜ்மேக்கரைத் திறக்கிறார். வேலை முடிந்ததும் பி.டி.எஃப். ஆக்கிப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மின்டுக்குத் திரும்புகிறார். அந்தப் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அவருடைய மகன் தொடங்கியிருக்கிறான். வரும் ஆடி மாதத்துக்குள் பாதியாவது முடியும் என்கிறான்.